சொந்த அளவுக்கு ஸ்கர்ட் வரைந்து தைப்பது எப்படி?

பாவாடைக்கு நீள அளவு ஒன்று தெரிந்தால் போதும். துணியைச் சுருக்கி, நாடா கோத்து, இழுத்துக் கட்டினால் இளைத்தவளுக்கும் பொருந்தும், பிள்ளை பெற்று ஆறு மாதமானவளுக்கும் பொருந்தும். வயிற்று மேடு, இடுப்பு வளைவு, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிற எலும்பு எல்லாவற்றையும் அந்தச் சுருக்கு விழுங்கிவிடும். இடுப்பில் பட்டியும் பின்னால் ஜிப்பும் வைத்து, உடம்பை ஒட்டி இறங்கி, கீழே சற்று விரியும் ஏ-லைன் ஸ்கர்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. உடம்பு எப்படியோ அப்படியே துணியில் எழுதிக் காட்டிவிடும்.

நான் தைத்த முதல் ஸ்கர்ட் முன்பக்கம் ஒரு இஞ்ச் தூக்கி நின்றது. பின்பக்கத்தைக் கீழே வெட்டி மட்டமாக்கினேன். மறுபடி போட்டுப் பார்த்தால் முன்பக்கம் கூடாரம் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது, பக்கத் தையல் முன்னால் ஓடியது. இன்னொரு முறை வெட்டினேன். கடைசியில் இடுப்பில் எலாஸ்டிக் போட்டு அக்கா மகளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

எங்கே தப்பு செய்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஸ்கர்ட் தொங்குவது இடுப்பிலிருந்து. கீழே தெரியும் கோணலில் முக்கால்வாசி மேலே, இடுப்புக் கோட்டில் பிறந்தது. அங்கே சரிசெய்யாமல் கீழே கத்தரியை வைத்தால் துணிதான் குறையும். இந்தக் கட்டுரையில் வரைவது, வெட்டுவது எல்லாம் இருக்கிறது. ஆனால் நடுவில் வரும் நாடா கட்டிப் பார்க்கும் பகுதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவசரக்காரர்கள் மற்றதை வேகமாகப் படித்தாலும் அதை நிதானமாகப் படியுங்கள்.

துணியும் சாமானும்

முதல் ஸ்கர்ட்டுக்கு நடுத்தரப் பருமனுள்ள காட்டன் வாங்குங்கள். கதர், மெல்லிய டெனிம், கொஞ்சம் கனமான கைத்தறி எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும். ஜார்ஜெட், சாட்டின், இழுத்தால் நீளும் துணி இப்போது வேண்டாம். கட்டம் போட்ட துணியும் வேண்டாம். இரண்டு பக்கமும் கட்டம் சேராவிட்டால் பார்க்கிறவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

எவ்வளவு துணி என்பது பன்னாவை, அதாவது துணியின் அகலத்தைப் பொறுத்தது. கீழே நான் சொல்லும் 26 இஞ்ச் நீள ஸ்கர்ட்டுக்கு 44 இஞ்ச் பன்னா என்றால் முன்பக்கம் ஒரு நீளம், பின்பக்கம் ஒரு நீளம் என்று ஒன்றரை மீட்டர் பிடிக்கும். சுருங்குவதற்கும் சேர்த்து ஒன்றேமுக்கால் வாங்கிக்கொள்ளுங்கள். 58 இஞ்ச் பன்னாவில் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், ஒரு மீட்டரில் முடிந்துவிடும். கடைக்காரர் மீட்டரில் கிழிப்பார், நாம் இஞ்சில் வரைவோம். ஒரு மீட்டர் என்பது 39 இஞ்சுக்குக் கொஞ்சம் கூட, இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

வாங்கி வந்த துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, அயர்ன் செய்த பிறகுதான் வெட்ட வேண்டும். காட்டன் முதல் சலவையில்தான் அதிகம் சுருங்கும். அது தைப்பதற்கு முன்பே நடந்துவிடட்டும்.

இது போக 8 இஞ்ச் ஜிப் ஒன்று, பட்டிக்குள் வைக்க அயர்ன் செய்தால் ஒட்டும் கேன்வாஸ், ஒரு கொக்கி, 14-ஆம் நம்பர் ஊசி, பிரவுன் பேப்பர், இரண்டு கலர் பேனா. முக்கியமாக ஒரு பழைய பெட்ஷீட். கட்டம் போட்ட சென்னிமலை பெட்ஷீட் வீட்டில் நைந்து கிடந்தால் அதிர்ஷ்டம். நல்ல துணியில் வேண்டாம் என்று சொன்ன அதே கட்டம் சோதனைத் துணியில் பெரிய உதவி. தரைக்கு மட்டமாக நிற்கிறதா, சாய்கிறதா என்பதைக் கட்டமே காட்டிக் கொடுக்கும். பெட்ஷீட் இல்லாவிட்டால் காடா துணி இரண்டு மீட்டர் வாங்குங்கள், விலை குறைவுதான். பழைய காட்டன் புடவை மட்டும் வேண்டாம். அது குழைந்து போயிருக்கும், எந்தத் தப்பையும் காட்டாமல் மறைத்துவிடும்.

அளவு எடுப்பது

இடுப்பு எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள். சேலை கட்டுகிற இடம் பலருக்குத் தொப்புளுக்குக் கீழே இருக்கும். ஸ்கர்ட்டை அங்கே போடப் போகிறீர்களா, அதற்கு மேலே உடம்பு குறுகும் இடத்திலா? எங்கே போட்டாலும் தப்பில்லை, ஆனால் அளவு அங்கேதான் எடுக்க வேண்டும். மெல்லிய லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு, கால் இஞ்ச் எலாஸ்டிக்கையோ பாவாடை நாடாவையோ இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். வலமும் இடமும் இரண்டு தடவை சாய்ந்து நிமிர்ந்தால் அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்காரும். அதன்மேல் டேப்பைச் சுற்றினால் இடுப்பளவு.

அடுத்தது சீட் அளவு. பின்புறம் அதிகம் திரண்டிருக்கும் இடத்தில் சுற்றி அளப்பது. சிலருக்கு அதைவிடத் தொடையின் மேல்பகுதி அகலமாக இருக்கும், அப்படியானால் அந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நின்று ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை அளந்து பாருங்கள். உட்கார்ந்தால் கூடுவதைப் பார்த்த பிறகு யாரும் இறுக்கமாகத் தைக்க மாட்டார்கள். நாடாவிலிருந்து சீட் வரை பக்கவாட்டில் எத்தனை இஞ்ச் இறக்கம் என்பதையும் குறியுங்கள். பெரும்பாலும் 7 முதல் 9 வரை வரும்.

இன்னும் நான்கு அளவு. தையல் வகுப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செருப்பில்லாமல் நேராக நின்று, நாடாவிலிருந்து தரைவரை முன் நடுவில், இரண்டு பக்கத்திலும், பின் நடுவில் அளக்கச் சொல்லுங்கள். குனிந்து நீங்களே அளந்தால் அளவு மாறிவிடும், வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். பக்க அளவு முன் அளவைவிட அரை இஞ்ச் வாக்கில் கூட இருப்பது சகஜம், ஏனென்றால் டேப் இடுப்பு வளைவின் மேலேறி இறங்குகிறது. முன் அளவு பக்க அளவைத் தாண்டிவிட்டால் வயிறு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். வலப் பக்கமும் இடப் பக்கமும் வேறுபட்டால் ஒரு பக்க இடுப்பு உயரம். துணியைத் தொடுவதற்கு முன்பே உங்கள் ஸ்கர்ட் எங்கே மக்கர் செய்யும் என்பது இந்த நான்கு எண்ணில் தெரிந்துவிடும்.

காகிதத்தில் வரைவது

உதாரணத்துக்கு இடுப்பு 30, சீட் 38, சீட் இறக்கம் 8, நீளம் 26 என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாம் இஞ்ச். உடம்பில் நான்கில் ஒரு பங்குதான் காகிதத்தில் வரும்.

சீட்டை நான்கால் வகுத்து அரை இஞ்ச் தாராளம் சேர்த்தால் 10. இடுப்போடு ஒரு இஞ்ச் தாராளம் சேர்த்து 31, அதை நான்கால் வகுத்தால் ஏழேமுக்கால். 10-க்கும் ஏழேமுக்காலுக்கும் நடுவில் இருக்கிற இரண்டேகால் இஞ்ச்தான் இடுப்பில் குறைய வேண்டிய துணி. அதில் ஒன்றேகாலைப் பக்கத் தையல் வளைவில் எடுப்போம், ஒரு இஞ்சை டார்ட்டில், அதாவது இடுப்பிலிருந்து இறங்கிக் கூராக முடியும் மடிப்புத் தையலில் பிடிப்போம்.

இடது கையோரம் 26 இஞ்சுக்கு நேர்கோடு போடுங்கள். இதுதான் நடுக்கோடு. மேல்முனையிலிருந்து வலப்பக்கம் குறுக்குக் கோடு, இது இடுப்பு. அதற்கு 8 இஞ்ச் கீழே இன்னொரு குறுக்குக் கோடு 10 இஞ்ச் நீளத்துக்கு, இது சீட் கோடு. அடியில் ஒன்று, 12 இஞ்சுக்கு. இடுப்புக் கோட்டில் நடுவிலிருந்து எட்டேமுக்கால் இஞ்சில் ஒரு புள்ளி, அதை அரை இஞ்ச் மேலே ஏற்றுங்கள். நடுக்கோட்டின் முனையையும் இந்தப் புள்ளியையும் மெல்லிய வளைவால் சேர்த்தால் இடுப்பு வெட்டு கிடைத்துவிடும். பக்கப் புள்ளியிலிருந்து சீட் கோட்டின் முனைக்கு வெளிப்பக்கம் லேசாகப் புடைத்த வளைவு, அங்கிருந்து அடிக்கோட்டின் 12-க்கு நேர்கோடு. இரண்டும் சேரும் இடத்தில் மூலை தெரியக் கூடாது.

அந்தச் சாய்கோட்டிலேயே சீட்டிலிருந்து 18 இஞ்ச் அளந்தால் புள்ளி அடிக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அரைக்கால் இஞ்ச்தான், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, கொத்தனார் கணக்கில் ஒரு நூல். அங்கிருந்து அடிக்கோட்டோடு வளைவாகச் சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பக்கத் தையல் முடியும் இடத்தில் நாய்க்காது மாதிரி ஒரு நுனி தொங்கும்.

டார்ட்டுக்கு இடுப்பு வெட்டில் நடுவிலிருந்து 4 இஞ்சில் புள்ளி, அதற்கு இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச். முன்பக்க டார்ட் மூன்றரை இஞ்ச் நீளம் போதும், பின்பக்கத்துக்கு 5. வயிறு மேலே திரளும், பின்புறம் கீழே திரளும், அதனால்தான் இந்த வித்தியாசம். பின்பக்கத்துக்கு இதே வரைபடம்தான், இடுப்பின் நடுமுனையை மட்டும் கால் இஞ்ச் கீழே இறக்குங்கள்.

உங்களுக்கு இடுப்புக்கும் சீட்டுக்கும் வித்தியாசம் இதைவிட அதிகமா? பக்கத்தில் ஒன்றரைக்கு மேல் வளைக்காதீர்கள், ஒரே டார்ட்டில் ஒன்றேகாலுக்கு மேல் பிடிக்காதீர்கள். மிச்சத்தை இரண்டாவது டார்ட்டாகப் பிரித்துவிடுங்கள், குறிப்பாகப் பின்னால்.

கணுக்கால் வரை வேண்டும் என்பவர்கள் சாய்கோட்டை அதே சாய்வில் நீட்டிக்கொண்டே போங்கள். 12-இலேயே நிறுத்திவிட்டால் பஸ் படி ஏறும்போதுதான் தெரியும்.

சோதனைத் துணி

இதைத் தவிர்க்க எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நல்ல துணி போயிற்று.

பெட்ஷீட்டில் காகிதத்தை வைத்து வரைந்து, எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் விட்டு வெட்டுங்கள். இடுப்புக்கு மேலேயும் கண்டிப்பாக ஒரு இஞ்ச் வேண்டும். காகிதத்தின் நடுக்கோடு துணியின் நெடுக்கு நூலோடு, அதாவது கரையோரத்துக்கு இணையாகப் போக வேண்டும். முன்பக்கம் மடிப்பில் ஒரே துண்டு, பின்பக்கம் இரண்டு துண்டு. சீட் கோடு, நடுக்கோடு, இடுப்புக் கோடு மூன்றையும் துணியின் வெளிப்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் பளிச்சென்று போடுங்கள். மிஷினில் தையலைப் பெரிதாக்கி, ஒரு இஞ்சுக்கு ஆறு தையல் வருகிற மாதிரி, டார்ட்டையும் பக்கங்களையும் பின் நடுவையும் ஓட்டுங்கள். பின்னால் மேலே 8 இஞ்ச் திறந்தே இருக்கட்டும். போட்டுக்கொண்டு அதைக் குண்டூசியால் மூடலாம். பட்டி இப்போது வேண்டாம்.

முதலில் அகலத்தைப் பாருங்கள். சீட் கோட்டில் பக்கத் தையலை ஒட்டித் துணியைக் கிள்ளினால் அரை இஞ்ச் மடிப்பு வர வேண்டும், இரண்டு பக்கமும். கிள்ளவே வரவில்லை என்றால் இறுக்கம், பக்கத்தைப் பிரித்துவிடுங்கள். முக்கால் இஞ்சுக்கு மேல் வந்தால் பிடித்துவிடுங்கள். அகலம் சரியாகாமல் மற்றதைப் பார்க்கக் கூடாது. காரணம், சீட் இறுக்கமாக இருந்தால் ஸ்கர்ட் மேலேறிப் போய் இடுப்புக்குக் கீழே மடிந்து நிற்கும். அதைப் பார்த்து நீளம் கூடிவிட்டது என்று நினைத்து மேலே வெட்டிவிட்டால், அப்புறம் பக்கத்தைப் பிரித்ததும் ஸ்கர்ட் கீழே இறங்கிவிடும், மேலே துணி இருக்காது.

நாடா கட்டிப் பார்ப்பது

அகலம் சரியானதும், அளவெடுக்கக் கட்டிய அதே நாடாவைச் சோதனை ஸ்கர்ட்டின் மேல் இடுப்பில் கட்டுங்கள். இடுப்புக் கோடு என்று பேனாவில் போட்டீர்களே, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது சீட் கோடு. அது சுற்றிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா?

துணைக்கு ஆள் இருந்தால் மர ஸ்கேலைத் தரையில் நிறுத்தி, முன், பின், இரண்டு பக்கம் என நாலு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்டூல் மேல் சீட் உயரத்துக்கு வைத்து, டைமர் போட்டு, நாலு பக்கமும் படம் எடுங்கள். மேலேயிருந்து எடுத்த படம் எல்லாக் கோட்டையும் வளைத்துக் காட்டும், நம்ப முடியாது.

கோடு எங்கே தூக்கியிருக்கிறதோ அங்கே துணியை நாடாவுக்குக் கீழே மெதுவாக இறக்கிவிடுங்கள். எங்கே தொங்குகிறதோ அங்கே மேலே இழுங்கள். மேலே விட்ட அந்த ஒரு இஞ்ச் இதற்காகத்தான். பத்து நிமிடம் இப்படி ஏற்றி இறக்கினால் சீட் கோடு மட்டமாகிவிடும். மட்டமானதும் நடக்கிற மாற்றத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பக்கத் தையல் தானாக நேராகத் தொங்கும், முன்பக்கத் துருத்தல் அடங்கும், பின்னால் இருந்த சுருக்கம் பாதிக்கு மேல் காணாமல் போகும். இனி நாடாவின் அடியோரமாக, இடுப்பைச் சுற்றிலும், சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. அதுதான் உங்கள் நிஜமான இடுப்புக் கோடு. நான் சொன்ன கால் இஞ்ச் இறக்கம், அரை இஞ்ச் ஏற்றம் எல்லாம் ஒரு தோராயத் தொடக்கம்தான்.

துணியைக் கழற்றித் தரையில் விரித்துப் பழைய கோட்டையும் சிவப்புக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். முன் நடுவில் சிவப்புக் கோடு அரை இஞ்ச் மேலே போயிருந்தால், வயிற்றின் மேல் ஏறி இறங்க அவ்வளவு துணி தேவைப்பட்டிருக்கிறது. என் முதல் ஸ்கர்ட்டின் கதை இதுதான். பின் நடுவில் மேலே போயிருந்தால் பின்புறத் திரட்சிக்காக. பின் நடுவில் கீழே இறங்கியிருந்தால் உங்கள் முதுகு இடுப்புக்கு மேலே உள்வாங்கியிருக்கிறது, அங்கே துணி உபரி. ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தால் அந்தப் பக்க இடுப்பு உயரம். ஒரே தோளில் பை மாட்டிப் பழகியவர்கள் நேராக நிற்கிறோமா என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி கட்டிப் பார்ப்பது நல்லது. நிற்பது கோணலாக இருந்தால் கோடும் கோணலாக வரும்.

சிவப்புக் கோட்டைக் காகிதத்துக்கு மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முன்பக்கத்தின் பக்க நீளமும் பின்பக்கத்தின் பக்க நீளமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நடுவில் ஏற்றியதை அல்லது இறக்கியதைப் பக்கத்துக்கு வரும்போது பூஜ்யமாகத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்க இடுப்பு உயரமானவர்கள் வலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனிக் காகிதம் வெட்டிவிடுங்கள், மடிப்பில் வைத்து வெட்டும் வசதி உங்களுக்கு இல்லை. இடுப்பு வெட்டின் நீளத்தையும் டார்ட்டைக் கழித்துவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள், சற்று மாறியிருக்கும்.

நாடாவுக்கு அடங்காதவை

சில குறைகள் அகலம் சம்பந்தப்பட்டவை. இடுப்பை ஏற்றி இறக்கினால் அவை போகாது.

சீட்டில் கச்சிதம், ஆனால் பின்னால் இடுப்பு வாய் பிளந்து நிற்கிறது. நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிற பிரச்சினை, ரெடிமேட் பேன்ட் போட்டவர்களுக்குத் தெரியும். பக்கத் தையலில் பிடித்து இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் பக்கத்தில் குபுக்கென்று ஒரு வளைவு வரும், பின்னால் பிளவு அப்படியே இருக்கும். பிளந்திருக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கூடுதல் துணியைக் குண்டூசியால் கிள்ளிப் பாருங்கள். கால் இஞ்ச் என்றால் இருக்கிற டார்ட்டைப் பெரிதாக்கலாம், அதற்கு மேல் என்றால் இரண்டாவது டார்ட். அது முதல் டார்ட்டிலிருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி, அரை இஞ்ச் குட்டையாக இருக்கட்டும்.

டார்ட் முடியும் இடத்தில் கொப்புளம் மாதிரி ஒரு மூக்கு. பாதி நேரம் இது தைத்த விதத்தால் வருவது. டார்ட்டின் கடைசி அரை இஞ்சில் தையல் மடிப்போரத்தை ஒட்டியே ஊர்ந்து போய், ஒன்றும் இல்லாமல் கரைய வேண்டும். நுனியில் ரிவர்ஸ் அடிக்காதீர்கள், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். சுருட்டிய துண்டின் மேல் வைத்து அயர்ன் செய்தால் நுனி அமரும். அப்படியும் மூக்கு நின்றால் டார்ட் உங்கள் திரட்சியைத் தாண்டிக் கீழே போய்விட்டது, முக்கால் இஞ்ச் குறைத்துப் பாருங்கள். வயிறு இருப்பவர்களுக்கு முன்பக்க டார்ட் எப்போதும் குட்டையாகவும் சின்னதாகவும் இருப்பதே நல்லது. ஒரு இஞ்ச் டார்ட்டை அரை இஞ்சாக்கி, மிச்சத்தைப் பின்பக்கம் பிடித்துக்கொள்ளலாம்.

சீட் கோடு மட்டமாக இருந்தும் பக்கத் தையல் முன்னுக்கோ பின்னுக்கோ சரிந்திருந்தால், முன் பின் பங்கீடு உங்கள் உடம்புக்குச் சரியில்லை. நான்கால் வகுத்தோமே, அந்தக் கணக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு என்று எடுத்துக்கொள்கிறது. உடம்பு அப்படி எண்ணி வகுத்ததில்லை. தையல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத் துண்டுக்குத் துணி போதவில்லை. அரை இஞ்ச் அதற்குக் கூட்டி, மற்றதில் அரை இஞ்ச் குறையுங்கள். மொத்தச் சுற்றளவு மாறாது.

பின்புறத்துக்குக் கீழே துணி உள்வாங்கிப் பிடித்தால் பின்பக்கம் சீட்டில் அகலம் போதவில்லை, பின்துண்டின் பக்கத்தில் மட்டும் கால் அல்லது அரை இஞ்ச் கூட்டுங்கள். முன்பக்கம் தொடைமேல் குறுக்குக் கோடுகள் விழுந்தால் அங்கேயும் இறுக்கம்தான். நெடுக்காக மடிப்பு தொங்கினால் அகலம் அதிகம். சாய்வாக ஓடும் சுருக்கம் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே துணி போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும்.

நடக்க நடக்க ஸ்கர்ட் சுற்றிக்கொண்டே போகிறதா? இடுப்பு தளர்வு, அல்லது நெடுக்கு நூல் பார்க்காமல் வெட்டியது. முதலாவதைத் திருத்தலாம். இரண்டாவதற்கு வைத்தியம் இல்லை, துணியைப் பையாகத் தைத்துக்கொள்ளலாம்.

ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. திருத்தம் பெரிதாக இருந்தால் இன்னொரு பழைய துணியில் இன்னொரு தடவை. சலிப்பாகத்தான் இருக்கும்.

நல்ல துணியில்

இனி வேலை சுலபம். திருத்திய காகிதத்தை வைத்துப் பக்கங்களிலும் பின் நடுவிலும் ஒரு இஞ்ச், இடுப்பில் அரை இஞ்ச், அடியில் ஒன்றரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள். பக்கத்தில் ஒரு இஞ்ச் அதிகம் என்பார்கள். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடுவதற்கு நம் டெய்லர்கள் விடுகிற துணிதான் அது, இருக்கட்டும். வெட்டிய ஓரங்களை முதலிலேயே ஓவர்லாக் அடித்துவிட்டால் பிசிறு தொல்லை இல்லை. வீட்டில் வசதி இல்லாவிட்டால் ஃபால்ஸ், பிக்கோ அடிக்கும் கடைகளில் ஓவர்லாக்கும் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

தையல் இப்போது இஞ்சுக்குப் பத்து. டார்ட் முதலில், மடிப்பு நடுக்கோட்டுப் பக்கம் சாயும்படி அயர்ன். அடுத்து பின் நடு. ஜிப்புக்கு எளிய வழி ஒன்று: அடியிலிருந்து ஜிப் முடியும் இடம்வரை சாதாரணத் தையல் போட்டு ரிவர்ஸ் அடித்து நிறுத்துங்கள். அங்கிருந்து மேல்வரை அதே கோட்டில் பெரிய தையல். தையலை விரித்து அயர்ன் செய்து, ஜிப்பின் பல் தையல் கோட்டின் மேல் கவிழ்ந்து உட்காரும்படி உள்பக்கம் வைத்துக் கையால் ஓட்டிக்கொள்ளுங்கள். ஜிப் ஃபுட் மாட்டி வெளிப்பக்கத்திலிருந்து பல்லுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்சில் தைத்து, அந்தப் பெரிய தையலைப் பிரித்துவிட்டால் ஜிப் ஒளிந்து உட்கார்ந்திருக்கும். பிறகு பக்கத் தையல்கள். விரித்து அயர்ன் செய்யுங்கள். தைத்த ஒவ்வொன்றையும் அயர்ன் செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும், இதில் சோம்பல் பட்டால் வீட்டில் தைத்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இடுப்புப் பட்டிக்கு இடுப்பு 31, கொக்கி மேல் ஏற ஒன்றரை, தையலுக்கு ஒன்று, ஆக முப்பத்து மூன்றரை இஞ்ச் நீளம், மூன்றரை இஞ்ச் அகலம். நெடுக்கு நூலில் வெட்டினால் இழுபடாது. 58 இஞ்ச் பன்னா வாங்கியவர்களுக்கு நெடுக்கில் அவ்வளவு துணி மிஞ்சாது. குறுக்கே வெட்டிக்கொள்ளுங்கள், கேன்வாஸ் தாங்கிக்கொள்ளும். கேன்வாஸை ஒட்டி, நீளவாக்கில் மடித்து அயர்ன் செய்து, முதலில் ஸ்கர்ட்டின் வெளிப்பக்கம் வைத்துத் தைத்து, உள்ளே மடக்கி ஹெம்மிங். ஸ்கர்ட்டின் இடுப்பு பட்டியைவிட ஒரு கால் இஞ்ச் கூட இருந்தால் பயப்பட வேண்டாம், துணியைக் கீழே வைத்துத் தைத்தால் மிஷின் அதைத் தானே உள்வாங்கிக்கொள்ளும். ஒரு இஞ்ச் கூட இருந்தால் டார்ட்டைப் போய்ப் பாருங்கள்.

அடி மடிப்பதற்கு முன் ஸ்கர்ட்டை ஒரு முழு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பக்கங்களில் துணி சாய்வாக வெட்டுப்பட்டிருப்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் இறங்கும். மறுநாள் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸ் அடையாளம். இப்போது கீழே வெட்டலாம். மேலே எல்லாம் சரியாகிவிட்டதால், வெட்டுவதற்கு அரைக்கால் அல்லது கால் இஞ்சுக்கு மேல் இருக்காது. அதற்கு மேல் இருந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நாடாவை எடுங்கள்.

திருத்திய காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்றைய தேதி, இடுப்பு, சீட், தரையளவு நான்கு எல்லாவற்றையும் அதிலேயே எழுதி, சுருட்டி, அதே நாடாவால் கட்டி வைத்துவிடுங்கள்.